மூலையில் அச்சடித்த பெயர்

பிரவுசிங் சென்டர் நடத்துவது என்றால், ஊரில் உள்ள எல்லார் வீட்டு வாசலையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, எந்த வாசலில் எது நடந்தாலும் திட்டு வாங்க வசதியாக நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது. திங்கள்சந்தை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மருந்துக்கடையின் மாடியில், அந்த நாற்காலியில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். உங்களில் யாராவது அதே தொழில் செய்திருந்தால் நான் சொல்லப்போவது உங்கள் முதுகுக்கே தெரியும். தொழில் செய்யாமல் பிள்ளை மட்டும் பெற்றவர்களுக்கும் தெரியும். அவஸ்தை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கதவு அறுத்தது

ஏழு கம்ப்யூட்டர், ஏழு பிளைவுட் தடுப்பு, ஏழு கதவு. கடை தொடங்கிய மறு வருஷமே ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்தார். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், அதனால் கதவே கூடாது, தடுப்புகளை இடுப்பளவுக்கு அறுக்க வேண்டும், வருகிறவர் எல்லாரிடமும் அடையாள அட்டை வாங்கிப் பார்த்து நோட்டில் பெயர், விலாசம், நேரம், கையெழுத்து எழுதி வைக்க வேண்டும் என்றார். நியாயமான உத்தரவு. நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆசாரி வந்து அன்றைக்கே அறுத்துப் போட்டார்.

ஆனால் சந்தேகம் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிள்ளைகள் என் கடையில் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். போவது ஊர் உலகமெல்லாம் படம் போட்டுப் பேசிக்கொள்ளும் அந்தப் பெரிய சமூக வலைத்தளத்துக்கு. அங்கே முகம் தெரியாத ஆயிரம் பேர் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு பேசுகிறார்கள். அந்தத் தடுப்பை யார் அறுப்பது? அந்த முதலாளி நோட்டு வைத்திருக்கிறாரா? ஏட்டையா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். “ஓய், அவன் கடலுக்கு அந்தப் பக்கம் கெடக்கான். நீரு எனக்க பைக்கு போற தூரத்துல இருக்கீரு. நான் ஆரைப் பிடிக்க?”

நூற்றைந்து வயது மாணவி

கடலை மடித்துத் தருகிற காகிதத்தையும் விடாமல் படிக்கிற ஜாதி நான். அந்தத் தளத்தின் விதிமுறைகளையும் படித்தேன். எங்கள் மாவட்டத்தில் அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். எழுதியவரே படித்திருப்பாரா என்பது ஐயம். பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தளத்தில் இடமில்லை என்று அதில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. கண்டிப்பின் அளவு என்னவென்றால், கணக்குத் தொடங்கும்போது பிறந்த வருஷம் எது என்று கேட்பார்கள். சொன்னால் போதும். அட்டை வேண்டாம், நோட்டு வேண்டாம், கையெழுத்து வேண்டாம்.

பள்ளி புராஜெக்டுக்குப் படம் எடுக்க அத்தையோடு வந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அத்தை மருந்து வாங்கக் கீழே இறங்கிய இடைவெளியில் கணக்கைத் திறந்துவிட்டாள். தடுப்பு இடுப்பளவு என்பதால் எனக்குத் தெரிந்தது. அவள் குறிப்பில் வயது நூற்றைந்து. வருஷப் பட்டியலில் கடைசிக்கு இழுத்து விட்டிருக்கிறாள். நூற்றைந்து வயதுக் கிழவி இரட்டைப் பின்னலும் யூனிபார்முமாகச் சிரிக்கும் படத்தைப் பார்த்தும் அந்தத் தளத்துக்கு ஒரு சின்னச் சந்தேகம் வரவில்லை. மாறாக, அவள் தேதியை மாற்றாமல் விட்டதால் அன்றைக்கே பிறந்தநாள் என்று வாழ்த்து அனுப்பியிருந்தது. பொய் சொல்லலாமா மக்களே என்று அவளிடம் கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன். நம்புனது அவங்களாக்கும்.”

பிடிக்கவில்லை என்றால் அமுக்கவும்

சகாயமேரி அக்கா முட்டத்துக்காரி. காலையில் சந்தையில் மீன் விற்று முடித்து, வெறுங்கூடையோடு பஸ் ஏறுவார். ஒருநாள் கூடையை மாடிப்படியில் வைத்துவிட்டு மேலே வந்தார். மகள் ஜெனிட்டா பத்தாம் வகுப்பு. அவள் படத்தைப் போட்டு, அவள் பெயரில் யாரோ அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கியிருக்கிறான். அவளே எழுதுவது போலக் கண்டவனையும் பேச்சுக்கு அழைத்து எழுதிக்கொண்டிருக்கிறான். பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை செய்யும் அவள் அப்பாவுக்கு அதை அறையில் கூட இருந்தவர்களே காட்டியிருக்கிறார்கள். அவர் போனில் சத்தம் போடவில்லையாம். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். மூன்று வாரத்தில் லீவில் வருகிறார். பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது.

புகார் செய்யும் பொத்தானை அமுக்கினேன். எதற்காகப் புகார் என்று ஒரு பட்டியல் வந்தது. எனக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது. இது என் ரசனைக்கு ஏற்றதல்ல. கத்தரிக்காய்க் கூட்டைப் பற்றி விசாரிப்பது போன்ற வாசகங்கள். ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். பட்டியல் முடிந்ததும் கேட்டார். “இதுல ‘இது எனக்க பிள்ளை’ன்னு எங்கயாவது போட்டிருக்கா, சாரே?”

ஞானஸ்நானச் சீட்டு

ஐந்தாம் நாள் பதில் வந்தது. குறிப்பிட்ட கணக்கை ஆராய்ந்தோம், அது எங்கள் சமூக நெறிகளை மீறவில்லை, சமூகத்தைப் பாதுகாக்க உதவியதற்கு நன்றி. மறுபடி எழுதினேன். இந்த முறை, படத்தில் உள்ளவர் அவர்தான் என்பதற்கு அரசாங்கம் தந்த புகைப்பட அடையாளம் அனுப்பச் சொன்னார்கள். திருடியவனிடம் கேட்காத அட்டையைப் பறிகொடுத்தவளிடம் கேட்டார்கள். பதினைந்து வயதுப் பெண்ணிடம் என்ன அட்டை இருக்கும்? ரேஷன் கார்டில் அப்பா படம். பஸ் பாஸில் ஒட்டிய படம் பாதி உரிந்திருந்தது. அக்கா விடவில்லை. பங்குச் சாமியாரைப் பார்த்து ஞானஸ்நானச் சீட்டு வாங்கி வந்துவிட்டார். பெயர், பிறந்த நாள், ஞானத்தாய், ஞானத்தகப்பன், கோயில் முத்திரை எல்லாம் இருந்தது. ஸ்கேன் செய்து அனுப்பினேன். அவர்கள் ஏற்கவில்லை. நூற்றைந்து வயதை நம்பியவர்கள் கோயில் முத்திரையை நம்பவில்லை.

நடுவில் அக்காவை ஏட்டையாவிடமும் அழைத்துப் போனேன். அவர் நல்ல மனிதர். உட்காரவைத்து, மனுவையும் வாங்கிக்கொண்டார். நாகர்கோவிலுக்கு அனுப்புவோம், அங்கேயிருந்து சென்னை, சென்னையிலிருந்து கம்பெனிக்கு, பதில் வரும்போது பிள்ளை காலேஜில் இருப்பாள் என்றார். அக்காவோடு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினேன். பஸ் வருவது தெரிந்ததும் கூடையை இடுப்பில் ஏற்றினார். “நான் அழுகின சாளை மீன வித்தா மறுநாளு காலம்பற நாலு பேரு கூடையப் பிடிச்சு நிறுத்துவாவ. இவனுக்க கூடைய எங்க போயி பிடிக்க?”

செல்வராஜின் கோபம்

எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமோ, பிள்ளைகளின் புது நன்மைச் சடங்கோ, கோயில் திருவிழாவோ, எந்தப் படமானாலும் வலது பக்க மூலையில் ஸ்டூடியோ பெயரைப் பொன்னிற எழுத்தில் அடித்துத்தான் தருவார்கள். மணமகள் முகத்தைவிட அந்த எழுத்து சில படங்களில் தெளிவாக இருக்கும். இதை ரசனைக்குறைவு என்று நான் பலமுறை செல்வராஜிடமே சொல்லியிருக்கிறேன். அவன் என் பள்ளித் தோழன். பஸ் ஸ்டாண்டின் மறு ஓரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தான்.

அவன் கல்ஃப் வாடிக்கையாளர்களுக்கு ஆல்பம் அனுப்ப என் கடைக்கு வந்தபோது ஜெனிட்டாவின் படம் என் திரையில் இருந்தது. கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு அன்று வெள்ளைக் கவுனில் எடுத்தது. மூன்று படங்கள் அந்தக் கணக்கில் இருந்தன. மூன்றிலும் மூலையில் அவன் பெயர். களவாணிக்கு அதை வெட்டுகிற பொறுமைகூட இல்லை. செல்வராஜ் குனிந்து பார்த்தான். கதையைக் கேட்டான். பிள்ளைக்காக அவனுக்கு வருத்தம்தான். ஆனால் அவன் முகம் சிவந்தது வேறொன்றுக்கு. “ஏலே, எனக்க போட்டோவ என்னட்ட கேக்காமலா போட்டிருக்கான்?”

பொன்னெழுத்து

அந்தக் கேள்வியைக் கேட்டதும் விதிமுறைகளின் கடைசிப் பக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது. குழந்தைகளுக்கான பகுதி மூன்று வரி. படைப்பின் உரிமையாளர்களுக்கான பகுதி இரண்டு பக்கம். அதில் தனிப் படிவம், தனி முகவரி, எத்தனை நாளில் பதில் என்ற உறுதிமொழி. செல்வராஜை உட்காரவைத்து நிரப்பினேன். படம் யாருடையது? என்னுடையது. அனுமதி தந்தீர்களா? இல்லை. படத்தில் இருப்பது யார் என்று அந்தப் படிவம் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அதைப் பற்றி அதற்கு அக்கறையும் இல்லை.

மறுநாள் மத்தியானம் கடைக்கு வந்து பார்த்தேன். மூன்று படமும் இல்லை. ஒரே கணக்கில் மூன்று முறை உரிமை மீறல் என்பதால் கணக்கையே மூடிவிட்டார்கள். செல்வராஜுக்கு மன்னிப்புக் கடிதம் வந்திருந்தது. அதன் அடியில் ஒரு மனிதரின் பெயர் இருந்தது. பதினாறு நாளில் அந்த நிறுவனத்தில் மனிதர்களும் வேலை செய்கிறார்கள் என்று நான் அறிந்தது அப்போதுதான். அந்தக் கணக்கைத் தொடங்கியவன் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. சந்தை முடிந்து வந்த சகாயமேரி அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அப்போ பெத்த அன்னைக்கே செல்வராசுக்க பேரைப் பிள்ளைக்க நெத்தியில அடிச்சு விட்டிருக்கணும்.”

அடையாள அட்டை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாள் என்றால் பிரவுசிங் சென்டர்காரனுக்குத் திருவிழா. படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள், பிள்ளைகளைவிட அதிகமாகப் பெற்றோர். ஜெனிட்டா பரீட்சை எழுதியிருந்தாள். அப்பா லீவில் வந்தபோது காட்டுவதற்கு அந்தக் கணக்கு இல்லாததால், நிறுத்துவதற்குக் காரணமும் இல்லாமல் போயிருந்தது. அப்பாவும் மகளும் வந்து வரிசையில் நின்றார்கள். வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர். மகளின் ஹால் டிக்கெட்டைச் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

வழக்கம்போல நோட்டை நீட்டி அடையாள அட்டை கேட்டேன். அன்றைக்கு ஏட்டையா வேறு கீழே நின்றார். ஜெனிட்டாவின் அப்பா பாஸ்போர்ட்டை எடுத்துத் தந்தார். நம்பரை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஹால் டிக்கெட் நம்பரை அடித்ததும் திரையில் மார்க் வந்தது. ஐந்நூற்றுக்கு நானூற்று முப்பத்தெட்டு. ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அவள் தலையில் கைவைத்தார், அவ்வளவுதான். படி இறங்கப் போனவர் திரும்பி வந்து, இன்னும் திறந்திருந்த நோட்டில் தன் கையெழுத்தைப் பார்த்தார். “எனக்க பிள்ளைக்க மார்க்கப் பாக்கதுக்கு நான் பாஸ்போர்ட்டக் காட்டணும். அவளுக்க பேருல கணக்குத் தொடங்கினவன் என்னத்தக் காட்டினான், சாரே?”

தடுப்பை இடுப்பளவுக்கு அறுத்துக் காட்டிய நான் கடையை மூடி வருஷக்கணக்காகிறது. எந்தத் தடுப்பையும் அறுக்காத, நோட்டே வைக்காத அந்தத் தளத்து முதலாளியின் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது.