ராஜம்மாளின் மல்லித் தோட்டத்தில் போரிங் மிஷின்

பூமியில் துளை போடும் தொழிலில் ஒரு கஷ்டம்: நாம் செய்கிற வேலை நம் கண்ணுக்கே தெரியாது, நம்மை மட்டும் ஊரே நின்று பார்க்கும். வேடிக்கை பார்ப்பவர்களால் வயிறெரிந்தவர்களே, கேளுங்கள்.

கயிற்றில் கை

யுத்தகாலம். ஆவடியில் பட்டாளத்துக்கு வேலை முடித்த கையோடு வேலப்பன்சாவடி ராஜம்மாள் எங்களைக் கூப்பிட்டாள். கிணறு வற்றி அவளுடைய மல்லிச் செடிகள் தலை தொங்கிவிட்டன. கொழுந்தன் ஏகாம்பரம், "கிணத்தையே தூர் வெட்டலாம்" என்று ஒற்றைக் காலில் நின்றார். வெட்டி முடிப்பதற்குள் தோட்டமே கருகிவிடும் என்று அவள்தான் மிஷினுக்குத் துணிந்தாள்.

எங்கள் எண்ணெய் எஞ்சின் கனத்த உளியைக் கயிற்றில் தூக்கித் தூக்கிப் போடும். எஞ்சினைக் காதர் பாய் பார்த்துக்கொள்வார். நான் கயிற்றில் கை வைத்து நிற்பேன். கீழே களியா, பாறையா என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். ஏகாம்பரத்துக்கு அது புரியுமா? "எஞ்சின் வேல செய்யுது, இந்தாளு மாட்ட புட்ச்சிகினு நிக்கிற மாதிரி கயித்த புட்ச்சிகினு கீறான்" என்றார்.

அறுந்தது

பாறையில் கயிறு அறுந்து, உளி அடியிலேயே தங்கிவிட்டது. உளி வராவிட்டால் அந்தத் துளையை மூட வேண்டியதுதான். நீளக் கம்பிகளைப் பூட்டிக் கொக்கி விட்டுத் துழாவினோம், சிக்கவில்லை. ஏகாம்பரம் கிணறு வெட்டக் கடப்பாரையோடு நாலு ஆட்களைக் கூட்டிவந்து நிறுத்தியே விட்டார், புண்ணியவான்.

பல்லைக் கடித்துக்கொண்டு ராஜம்மாளிடம் ஒரு கட்டி சவுக்காரம் கேட்டேன். கொடுத்தாள், சும்மா கொடுக்கவில்லை: "குடிக்கவே தண்ணி இல்ல, உனுக்கு குளியல் கேக்குதா நைனா?"

சவுக்காரம் சொன்ன சேதி

சவுக்காரத்தை வெயிலில் இளக்கிக் கம்பியின் நுனியில் அப்பி, துளைக்குள் இறக்கி அழுத்தித் தூக்கினேன். உளியின் தலை அதில் அச்சாகப் பதிந்திருந்தது, கிழக்கு ஓரமாக. நடுவில் துழாவினால் எப்படிச் சிக்கும்? கொக்கியைக் கிழக்கே வளைத்து இறக்கினேன். கையில் கனம் தட்டியது. பாய் எஞ்சினை மெல்ல ஓட்ட, சேறு சொட்டச் சொட்ட உளி மேலே வந்தது. மார் விம்மிப்போச்சு, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அதே உளியால் பாறையைத் தாண்டினோம். பம்பு மாட்டி அடித்ததும் முதலில் சேறு, அப்புறம் கலங்கல், அப்புறம் கண்ணாடி மாதிரி தண்ணீர். ராஜம்மாள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, குடத்தை நிரப்பி ஏகாம்பரத்தின் முன்னால் வைத்தாள். "வாயப் பொளந்துகினு நின்னது போதும், தூக்கு. தோட்டத்துக் கோடியில செடிங்க காத்துகினு கீது."

இப்போதெல்லாம் யார் வந்து வேடிக்கை பார்த்தாலும் நான் விரட்டுவதில்லை. தண்ணீர் வந்தபின் குடம் தூக்க ஆள் வேண்டாமா?