வீடு மாறிப்போன துணிமூட்டை

சலவைக்கடையில் அவளுக்குக் கஞ்சி என்று பெயர். மேலே தொங்கும் ஹேங்கரை எடுக்க யாராவது கையைத் தூக்கினால் போதும், கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்து நின்றுவிடுவாள். பெயர் வைத்தவர் வண்டிக்காரர். தேய்த்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். விறைப்புக்குக் காரணம் தெரிந்தபிறகு கூப்பிட அவருக்கே நா எழவில்லை. ஆனால் அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிருந்தது. வீட்டில் கூப்பிடுகிற பெயர்கள் அச்சில் ஏறாதவை.

அங்கே அப்பாவுக்கு வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். அண்ணன் அதை அப்படியே படித்துக்கொண்டிருந்தான். அடி விழும்போதெல்லாம் அம்மா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாதாம். அடியைக்கூட மறந்தாள் கஞ்சி. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை மறக்க முடியவில்லை.

ஒருமுறை பையோடு படியிறங்கி, வாசலிலேயே அண்ணனிடம் பிடிபட்டிருக்கிறாள். அதனால் இந்தத் தடவை பையே இல்லை. தினமும் ஓர் உடைமேல் இன்னோர் உடை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். மேலுடையைக் கழற்றி, துவைத்து, தேய்த்து, தன் பெயரட்டையைக் குத்திப் பின்வரிசைக் கம்பியில் மாட்டினாள். ஊரார் துணிகளுக்கு நடுவே, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தாள். விஷயம் கடைக்கார அக்காவுக்கு மட்டும் தெரியும். மாடி அறையிலிருந்த பழைய மெஷினை நகர்த்தி, கட்டில் போட்டுவைத்ததும் அவர்தான்.

மறுநாள் கிளம்புவதாக இருந்தாள். அன்று பின்வரிசையை ஒழுங்குபண்ணிய வண்டிக்காரர் கண்ணில் அவள் பெயரட்டைகள் பட்டன. பாவம், அடிபட்ட தோளோடு இதையெல்லாம் சுமக்க வேண்டாமே என்று மூட்டை கட்டி, யாரிடமும் சொல்லாமல் அவள் வீட்டுக்கே கொண்டுபோனார்.

சாயங்காலம் அதே மூட்டையோடு முனகிக்கொண்டே திரும்பினார். விஷயம் கேட்டதும் கஞ்சி மூட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"யாருண்ணே வாங்கினது?"

"உங்கம்மாதான். உள்ள எடுத்துட்டுப் போய், ரொம்ப நேரம் கழிச்சு வந்து, 'எங்க வீட்டுது இல்ல, வீடு மாறி வந்துட்டீங்க'ன்னு என் கையிலயே திருப்பிக் கொடுக்கறாங்க. உள்ள உங்கப்பா என்னமோ கத்தறாரு. குழாய் வேற திறந்து கிடக்கு, ஒண்ணும் காதுல விழல."

கஞ்சி முடிச்சை அவிழ்த்தாள். அவள் துணிகளுக்கு அடியில் சாம்பல் நிற உடை ஒன்று மடித்து வைத்திருந்தது. அம்மாவுடையது. துவைக்காதது. முன்பக்கத்தில் பாத்திரம் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.

அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கட்டில் ஒன்று போதாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கஞ்சி புது அட்டை ஒன்றை எடுத்து 'கஞ்சி அம்மா' என்று எழுதிக் குத்தினாள். பிறகு, ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்த வண்டிக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, நாளைக்கும் கொஞ்சம் வீடு மாறிப் போறீங்களா?"

அந்த வாரம் முழுக்க மாறிப் போனார்; திரும்பும் மூட்டையில் ஒவ்வொரு முறையும் அம்மாவின் உடை ஒன்று கூடியிருந்தது. அடுத்த வாரம் ஒரு பகலில் அம்மாவும் மகளும், கடைத்தெருவுக்குப் போய் வருகிறவர்கள் மாதிரி, வெறுங்கையோடு படியிறங்கினார்கள். வாசலில் நின்ற அண்ணன் இருவர் கைகளையும் பார்த்துவிட்டு, வழி விட்டான்.