பாலம் கேட்ட அக்காவும் நான்கு தேர்தல்களும்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் அக்காவின் தங்கையாகிய என் வணக்கம்.

மறைந்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய சாந்தமான குணத்தைச் சொல்வது வழக்கம். அக்கா சாந்தமானவர் அல்ல. கடைசிப் பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் கோபமாகவே இருந்தார். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதை எழுதாமல் அவர் படத்துக்கு மாலை போட எனக்கு மனம் வரவில்லை.

தானா ராத்தாவுக்கு அப்பால், நம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்தில், ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் அக்கா பிறந்தார். வயிற்றுக்குக் கிழங்கு தேடிய நாளில் பிள்ளை பிறந்ததை யார் போய்ப் பதிவார்கள்? லயத்து மருத்துவச்சி கையில் பிறந்தார், அவ்வளவுதான். நான் போருக்குப் பிறகு பிறந்தேன். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸர் என் பிறப்பைப் பதிந்தார். அதனால் ஒரே வீட்டில் ஒரே தாய்க்குப் பிறந்த எங்கள் இருவரில், எனக்குக் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை, அதாவது நீல ஐ.சி., கிடைத்தது. அக்காவுக்குச் சிவப்பு அட்டை. இந்த நாட்டில் குடியிருக்கலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது என்பதே அதன் பொருள்.

அம்மா நோயில் இறந்தபோது அக்கா இன்னும் பெரிய மனுஷியாகக்கூட ஆகவில்லை. அம்மாவின் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனார். என்னைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். என் தலையில் பேன் பார்த்ததும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததும், என் கல்யாணத்தில் தாய் இடத்தில் நின்றதும் அவர்தான். அவருக்கு வாய்த்த கணவர், எங்கள் அத்தான், கொழுந்து லாரி ஓட்டியவர். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர்களுக்கு ஒரே மகள்.

எழுபதுகள் பிறந்த சமயத்தில், சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆகிவிட்டது. லயத்தில் பல குடும்பங்கள் பயந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. அக்காவைப் பெற்றெடுக்க உதவிய மருத்துவச்சியும் அப்போது போய்விட்டார். "நீயும் போயிடு, ஊருல நிலம் கெடைக்கும்" என்று யாரோ அக்காவிடம் சொன்னார்கள். "எந்த ஊருக்குப் போறது? எனக்குத் தாப்பாவே தூரம் லா" என்றார் அக்கா. அது உண்மை. மலையடிவாரத்தில் இருக்கும் தாப்பாவைத் தாண்டி அவர் போனதே இல்லை.

இனிப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேல் லயத்துக்கும் பெரிய சாலைக்கும் நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. அதன்மேல் அந்தக் காலத்தில் பலகைப் பாலம்தான். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் பலகைகள் போய்விடும். தோட்டத்து அலுவலகத்தில் கேட்டால், ஓடை அரசாங்கத்துடையது என்பார்கள். அரசு அலுவலகத்தில் கேட்டால், சாலை தோட்டத்துடையது என்பார்கள்.

அப்படி ஒரு மழைநாளில், விடிந்ததிலிருந்தே அத்தானுக்கு வயிற்று வலி. டிரஸர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வெச்சிருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார். அத்தான் ஓட்டும் லாரி வாசலில் நின்றது. பாலம் இல்லை. கம்பளியில் தூளி கட்டி, ஆண்கள் அவரைத் தேயிலைச் சரிவு வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆழம் குறைந்த இடத்தைத் தேடி வெகுதூரம் இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபடி ஏறிச் சாலையைப் பிடித்தார்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. குடல்வால் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். தம்மால் ஆனதையெல்லாம் செய்தார்கள். மறுநாள் அத்தான் போய்விட்டார்.

ஊரே அழுதது. அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனார்.

அடுத்து ஒரு தேர்தல் வந்தது. வேட்பாளர் தோட்டத்துக்கு வந்து பள்ளித் திடலில் பேசினார். சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் வரும் என்றார். கூட்டத்தின் நடுவிலிருந்து அக்கா எழுந்தார்.

"ஐயா, பாலம் எப்ப வரும்னு சொல்லிட்டுப் போங்க."

வேட்பாளர் வாய் திறப்பதற்குள், தோட்டத்தில் கட்சிக் கிளைத் தலைவராக இருந்தவர் முன்னே வந்தார். "ஒனக்கு என்ன ஐ.சி. மா?"

"செவப்பு."

"ஓட்டு இருக்கறவங்க மொதல்ல பேசட்டும். கொஞ்சம் பின்னால நில்லு."

அக்கா பின்னால் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை வேட்பாளரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் என்னிடம், "புருஷன் செத்தது கணக்கு இல்லையாம், ஐ.சி. கலருதான் கணக்காம்" என்றார். அந்தக் கோபம் அன்று பிடித்ததுதான், பிறகு இறங்கவே இல்லை.

குடியுரிமைக்கு மனுப் போட்டார். பிறந்ததற்குச் சாட்சி கேட்டார்கள். சாட்சி சொல்ல வேண்டிய மருத்துவச்சி இந்தியாவில். மலாய் மொழியில் கேள்வி கேட்டார்கள். சந்தைக்குப் போதுமான மலாய் அக்காவுக்கு வரும், அலுவலகத்துக்குப் போதாது. மனு திரும்பி வந்தது. மறுபடி போட்டார். மாலை வேலை முடிந்ததும் பள்ளியில் மலாய் சொல்லித்தரும் ஆசிரியையிடம் போய் உட்கார்ந்தார். ஓடையில் துணி துவைக்கும்போது, "சாயா லாஹிர் டி சினி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே அடிப்பார். நான் இங்கேதான் பிறந்தேன் என்று அர்த்தம்.

தமக்கு ஓட்டு இல்லாத அந்த ஆண்டுகளில்தான் மற்றவர்களை அவர் விரட்டத் தொடங்கினார். நீல அட்டை இருந்தும் வாக்காளராகப் பதியாதவர்கள் லயத்தில் நிறையப் பேர். அவர்களைப் பிடித்துத் தானா ராத்தாவுக்கு அழைத்துப்போய்ப் பதிய வைத்தார். என்னையும்தான். அப்போது நான் ரிங்லெட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். என் வீட்டுக்கே வந்து நின்று, "கையில வெச்சிக்கிட்டு சும்மா இருக்க. எனக்கு வயிறு எரியுதுடி" என்றார்.

இரண்டாம் தேர்தலில் லயத்துப் பெண்கள் கூட்டமாகப் போய் ஓட்டுப் போட்டார்கள். அக்கா அவர்களோடு நடந்துபோய், வாக்குச்சாவடியின் வேலிக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். கிளைத் தலைவரின் கட்சி வேட்பாளர் வென்றார். பாலத்துக்குப் புதுப் பலகைகள் வந்தன. அடுத்த மழையில் அவையும் போயின.

ஒரு முறை நானும் அவரும் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"அக்கா, ஊர் வேலையெல்லாம் முடிவு பண்றது ஊராட்சி உறுப்பினருங்க."

"சரி தம்பி. அவங்களுக்கு எப்ப எலெக்சன்?"

"அவங்களுக்கு எலெக்சன் இல்லக்கா. மேலருந்து நியமிக்கிறாங்க. முன்ன பல ஊருல இருந்துச்சாம், இப்ப இல்ல."

"அப்ப, நான் இவ்ளோ கஷ்டப்பட்டு ஓட்டு வாங்கினாலும் அது அவங்க நாற்காலிக்கு வராதா?"

பையன் சிரித்து மழுப்பினான். வெளியே வந்ததும் அக்கா, "மாநில ஆபீஸுக்கே போய்க் கேப்போமா?" என்றார். நான் வழியைச் சொன்னேன். நாம் இருப்பது பகாங் மாநிலம். ஆனால் பகாங் தலைநகருக்குப் போக, பக்கத்து மாநிலமான பேராக்கில் இறங்கி, கோலாலம்பூருக்குப் போய், அங்கிருந்து மறுபடி மலை தாண்டிக் குவாந்தானுக்குப் போக வேண்டும். அக்கா பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, "நம்மள எங்கடி கொண்டுவந்து வெச்சிருக்கானுங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

எண்பதுகள் தொடங்கியபோது குடியுரிமை கிடைத்தது. நீல அட்டையோடு அக்கா நேரே ரிங்லெட்டுக்கு என்னிடம் வந்தார். சந்தோஷப்படுவார் என்று பாயசம் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இத அப்பவே குடுத்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?" என்று கேட்டார்.

மூன்றாம் தேர்தலில் அவர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே போனவர் உடனே திரும்பி வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

"என்னக்கா, தப்பாப் போட்டுட்டீங்களா?"

"இல்லடி. சரியாத்தான் போட்டேன். அவ்ளோதானா? ஒரு கோடு, அது மேல இன்னொரு கோடு. இதுக்குத்தானா என்னய இவ்ளோ வருஷம் வெளிய நிறுத்தி வெச்சாங்க?"

பாலம் வரவில்லை. வென்றவரும் வரவில்லை.

நான்காம் தேர்தலின்போது தோட்டத்தில் அக்காவின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. கிளைத் தலைவரே வீட்டுக்கு வந்தார். "நீங்கதான்கா மாலை போடணும். பொம்பளைங்கள வேன்ல ஏத்திவிடற பொறுப்பும் ஒங்களுது" என்றார். அக்கா சம்மதித்தார். எனக்கு ஆச்சரியம்.

வேட்பாளர் வந்தார். கொட்டு முழங்கியது. அக்கா மாலையைக் கையில் வைத்துக்கொண்டே, "இங்க வேணாம் ஐயா. பாலத்துல வெச்சுப் போடறேன், வாங்க" என்று நடக்கத் தொடங்கினார். பெண்கள் எல்லாரும் பின்னால் போனார்கள். வேட்பாளருக்கு வேறு வழி இல்லை. முதல் நாள் மழையில் சேறான பாதையில் பளபளக்கும் சப்பாத்தோடு நடந்து வந்தார். ஓடைக்கரையில் அக்கா நின்றார்.

"இந்த எடத்துல பாலம் இருந்திருந்தா என் புருஷன் உயிரோட இருந்திருப்பாரு. நான் அழுது கேக்கல. எந்த மாசம் கட்டுவீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"எலெக்சன் முடியட்டும் மா, கண்டிப்பா பாப்போம்."

"அப்ப மாலையும் எலெக்சன் முடிஞ்சதும் போடறேன்."

வாக்களிப்பு நாளன்று கட்சி வேன் காலியாகத் திரும்பியது. பெண்கள் நடந்தே போனார்கள். யாருக்குப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. முடிவு மாறவில்லை. அதே கட்சி, அதே வெற்றி. மலையில் ஒரு லயத்தின் ஓட்டு எத்தனை பேரை அசைக்கும்? கிளைத் தலைவர் அன்றிலிருந்து அக்காவிடம் பேசுவதை நிறுத்தினார்.

பிறகு பாலம் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். தேயிலை ஆலையைப் பார்க்கச் சுற்றுப்பயணிகளை மேலே அழைத்து வரலாம் என்று தோட்டத்து நிர்வாகம் முடிவு செய்தது. பெரிய பஸ் வர வேண்டுமே. சில மாதங்களில் சிமெண்டுப் பாலம் எழுந்தது. திறப்பு விழாவில் அதே வேட்பாளர், இப்போது மாண்புமிகு உறுப்பினர், நாடாவை வெட்டி, "கொடுத்த வாக்கைக் காப்பாற்றினோம்" என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை. நானும் தட்டவில்லை.

"கெடைச்சிருச்சேக்கா, விடுங்க" என்றேன்.

"கெடைச்சுது. நமக்காக இல்ல. வேடிக்கை பாக்க வரவங்களுக்காக. இத்தன வருஷம் நாம கேட்டது யார் காதுலயும் விழலன்னுதான்டி இதுக்கு அர்த்தம்."

அந்த நாளுக்குப் பிறகு அவர் தளர்ந்துபோனார் என்பது என் எண்ணம். சர்க்கரை நோய் முன்பே இருந்தது. காலில் வந்த புண் ஆறவில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரங்களில்கூடப் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம், "ஓட்டுக்குப் பதிஞ்சிட்டியா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு காலைப்பொழுதில், மகள் தலைவாரி விட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் மூச்சு அடங்கியது. ஐம்பது வயதுகூட நிறையவில்லை.

அக்காவைத் தாயைப்போல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தாதியருக்கு எங்கள் நன்றி. அந்த வாரங்கள் முழுதும் கேட்காமலே சாப்பாடு அனுப்பிவைத்த தானா ராத்தா சாப்பாட்டுக்கடை பாய்க்கு நன்றி. அவர் இன்று இங்கே வந்தாலும் வெட்கப்பட்டு வெளியேதான் நிற்பார். அக்காவுக்கு மலாய் சொல்லித்தந்த ஆசிரியைக்கும், அத்தானைத் தூளியில் சுமந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களுக்கும், அக்காவுடன் நடந்த மேல் லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாலை அனுப்பிவைத்த அரசியல் பெருமக்களுக்கு நன்றி சொல்லும்படி உறவினர் சிலர் கேட்டார்கள். அக்கா இருந்தால் சொல்லமாட்டார். நானும் சொல்லப்போவதில்லை.

இந்த மலரை வாங்கியவர்கள் வீட்டில் இருபத்தொரு வயது நிறைந்த பிள்ளைகள் இருப்பார்கள். வரும் திங்கட்கிழமை காலை, என் வீட்டுக்காரர் ரிங்லெட்டிலிருந்து காய்கறி லாரியைக் காலியாகத் தானா ராத்தாவுக்கு ஓட்டி வருகிறார். வழியில் நம் தோட்டத்துச் சந்திப்பில் நிற்பார். வாக்காளராகப் பதியாதவர்கள் அடையாள அட்டையோடு வந்து ஏறிக்கொள்ளுங்கள். நானும் கூட வருகிறேன். பதிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அக்காவிடமும் இருந்ததில்லை. கோபம் இருப்பவர்கள் அதோடேயே வரலாம். லாரியில் இடம் இருக்கிறது.