மூன்று பேர், ஒரு கார்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பட்டப்பெயர் "கார் அக்கா". அலுவலகத்தில் குமாஸ்தா வேலைதான். நாற்பத்தெட்டு வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, கக்கத்தில் எப்போதும் ஒரு நீல நோட்டு. அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு ஆம்புலன்ஸ். போன வருஷம் ஒரு காலையில் அது வாசலில் எட்டு நிமிஷம் அலறிக்கொண்டு நின்றது. உள்ளே நுழைய வழியில்லை, வழி முழுக்க ஊழியர்களின் கார்கள். இவள் மாடி ஜன்னலில் நின்று எண்ணிப் பார்த்தாள். அறுபத்திரண்டு கார். அவற்றில் வந்து இறங்கியவர்கள் மொத்தம் அறுபத்தைந்து பேர். தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு.

அன்றைக்குப் பிடித்தவள் விடவில்லை. டாக்டர் முதல் துணி துவைக்கிறவர் வரை ஒவ்வொருவரையும் மறித்து, "வீடு எங்க, எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க, எந்த வழியா வருவீங்க?" என்று கேட்டு நோட்டில் ஏற்றினாள். அவள் தலையைக் கண்டதும் கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டவர்களும் உண்டு. அதற்கெல்லாம் அசருகிற ஆளா? கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். ஒரே தெருக்காரர்களை ஒரு வண்டியில் சேர்த்தாள், பஸ் நேரத்தை எழுதிக் கொடுத்தாள், சைக்கிளில் வருகிறவர்களுக்கு மர நிழலில் இடம் பிடித்துக் கொடுத்தாள். பத்து மாதத்தில் இருபது கார் குறைந்தது.

அவள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது டயாலிசிஸ் பிரிவை. சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்யும் இடம் அது. காலை ஷிப்டுக்கு மூன்று டெக்னீஷியன்கள். மூவருக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே சாலையில் வீடு. இதைவிட வாகாக எங்கே கிடைக்கும்? மூவரையும் ஒரே காரில் ஏற்றி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து, "மூன்று பேர், ஒரு கார்" என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். தலைமை டாக்டர் கையெழுத்துப் போட்டார். மூத்த நர்ஸ் கை தட்டினார். அத்தனை படித்தவர்கள் இருக்கிற இடத்தில் ஒரு மண்டைக்கும் அது உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு திங்கட்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு போன் வந்தது. டெக்னீஷியன்களில் மூத்தவர்.

"அக்கா, வண்டி பாலத்து மேல நின்னுபோச்சு. ஸ்டார்ட்டே ஆகல."

"சரி, பதறாதீங்க. மத்த ரெண்டு பேரும் வந்து வேலையை ஆரம்பிக்கட்டும்."



"அக்கா, மத்த ரெண்டு பேரும் என் பக்கத்துலதான் நிக்கிறாங்க."

டயாலிசிஸ் இயந்திரத்தில் நோயாளியை இணைக்க அந்த மூவரை விட்டால் காலையில் வேறு ஆள் கிடையாது. அதிலும் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பிரிவு மூடியிருக்கும் என்பதால், வருகிறவர்கள் உடம்பில் கூடுதலாக ஒரு நாள் நீர் சேர்ந்திருக்கும். ஓடினாள். பிரிவின் முதல் நாற்காலியில், எல்லாரும் டைம் கீப்பர் என்று கூப்பிடும் நோயாளி சாய்ந்திருந்தார். பஸ் டிப்போவில் எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று முப்பது வருஷம் எழுதி ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் கிண்டல்தான். அன்றைக்கு ஒரு வார்த்தைக்கு மூன்று மூச்சு வாங்கினார். கால்கள் வீங்கிப் பளபளத்தன. நர்ஸ் அவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மணி நேரம் தாங்குவாரு. அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது," என்றார் டூட்டி டாக்டர். "எங்க அந்த மூணு பேரும்?"

அவள் மறுபடி மூத்தவருக்கு போன் போட்டாள்.

டாக்சி அனுப்பினாலும் பாலத்தில் ஏற முடியாது. "முன்னாலயும் காரு, பின்னாலயும் காரு. ஒவ்வொண்ணுலயும் ஒத்த ஆளு," என்று போனில் புலம்பினார் மூத்தவர். நடந்து வந்தால் ஐம்பது நிமிஷம். மூவரையும் ஒரே வண்டியில் போட்டது யார்? நான்தானே, நான்தானே என்று மண்டைக்குள் அடித்தது. எல்லாரும் பார்க்க நின்று அழுதாள்.

அழுதுகொண்டேதான் நோட்டைப் புரட்டினாள். ஒன்பதாம் பக்கம். சலவைப் பிரிவு, சைக்கிள், ஆறு ஐம்பதுக்குப் பாலம். சலவைக்காரரின் எண்ணை அழுத்தினாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பாலம் ஏறிக்கிட்டு இருக்கேம்மா. ஏன், நிழல்ல இடம் போச்சா?"

"மேல நம்ம ஆஸ்பத்திரி சட்டை போட்டு மூணு பேர் நிப்பாங்க. சைக்கிளை அவங்கள்ல ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

அந்தப் புண்ணியவான் கேட்கவில்லை.

மூவரில் இளையவள் ஏறிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவள். ஏழு பத்துக்கு வந்து சேர்ந்தபோது முழங்கை சிராய்த்திருந்தது, கால்சட்டையில் சங்கிலி மை. யாரிடமும் பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு இயந்திரத்திடம் போனாள். ஏழு முப்பத்தைந்துக்கு முதல் நாற்காலியின் குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியது. மற்ற இருவரும் சலவைக்காரரோடு நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

பதினோரு மணிக்கு மேல்தான் டைம் கீப்பருக்கு மூச்சு சீரானது. பலகையிலிருந்து கிழித்த படத்தோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, தப்பு என்னோடது. மூணு பேரையும் ஒரே வண்டில போட்டது நான்தான்."

அவர் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க டிப்போவுல விடிகாலைல டிரைவருங்களைக் கூட்டிட்டு வர வேன் போகும். ஒரே ரூட்டு ஆளுங்களை ஒரே வேன்ல ஏத்தவே மாட்டோம். வேன் படுத்தா ரூட்டே படுத்துடும்ல? முப்பது வருஷமா அதைத்தானே எழுதினேன்."

"எனக்கு யாரும் சொல்லலையே ஐயா."

"நீ எங்க கேட்ட? வாசல்ல நிக்கிற ஆள் வரைக்கும் கேட்ட. வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம் இதே நாற்காலியில கிடக்கேன். என்னைத் தாண்டித் தாண்டிப் போனியே தவிர, ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் நோட்டைத் திறந்தாள். நூற்றுப் பத்து பெயர்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து போகிறவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.