அத்தை உட்கார்ந்த வெடிமருந்துப் பெட்டி

என் வீட்டு முன்னறையில் ஒரு வெடிமருந்துப் பெட்டி இருக்கிறது. பயப்பட வேண்டாம், காலிப் பெட்டிதான். கோலார் தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பாறை உடைக்கும் வெடி இந்த மாதிரி மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். காலியானவை எப்படியோ தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்து அலமாரியாகவும் கோழிக்கூண்டாகவும் மறுபிறவி எடுக்கும். என் வீட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் ‘அபாயம்’ என்று இங்கிலீஷில் அச்சடித்த சிவப்பு எழுத்து இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. இப்போது அதன் மேல் உட்கார்ந்துதான் ஷூ மாட்டிக்கொண்டு காலை ரயிலுக்கு ஓடுகிறேன். ஒரு காலத்தில் அதன் எதிரே கை கட்டித்தான் நிற்பேன். காரணம், எங்கள் லைனுக்கு அதுதான் சிம்மாசனம். அதில் உட்கார்ந்து எங்களை ஆண்டவர் என் அத்தை, அப்பாவின் அக்கா.

பெங்களூரு ரயிலில் எங்கள் கோச்சில் தினமும் ஒரு நாடாளுமன்றம் கூடும். சமீபத்தில் ஒரு நாள் சாமியின் பெயரால் நடக்கும் ஆட்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. அதைவிட ராஜா ஆட்சியே தேவலை என்றார் ஒருவர். ஓட்டுக்கு ஈடு எதுவுமில்லை என்றார் இன்னொருவர். எல்லாரும் அது ஏதோ தூர தேசத்துச் சமாச்சாரம் போலப் பேச, நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிறந்ததிலிருந்து கல்யாணம் வரைக்கும் அப்படிப்பட்ட ஓர் ஆட்சியில் குடிமகனாக இருந்தவன் நான். அங்கிருந்து உயிரோடு தப்பித்தது மட்டுமல்ல, நான் விரும்பிய பெண்ணோடு தப்பித்தேன். அதை ரயிலில் சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்போது எங்களைச் சுற்றி எல்லா வகை ஆட்சியும் நடந்தது. மேட்டு பங்களாவில் சுரங்க மேனேஜர். சங்கு ஊதினால் ஷிப்டுக்குப் போக வேண்டும், மறுபடி ஊதினால் வீட்டுக்கு வர வேண்டும். ஏன் என்று கேட்க வழியில்லை. இன்னொரு சுரங்கமான மைசூர் மைன்ஸ் பக்கம் பௌத்தக் குடும்பங்கள் இருந்த லைனில், எதுவானாலும் விகாரையில் கூடிப் பேசிக் கை தூக்கி முடிவெடுப்பார்கள். நந்திதுர்க் சுரங்கத்தில் எங்கள் லைனுக்கு மாரியம்மன். கோயிலில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து உடுக்கை வேகமெடுத்ததும் அத்தை மேல் அம்மன் இறங்குவாள். பெட்டியில் உட்காரவைத்து வேப்பிலையைக் கையில் கொடுப்பார்கள். லைனின் வழக்குகளை மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், ஒவ்வொன்றாகக் கேட்பார். அம்மன் சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது. அம்மன் மலையேறியதும் அத்தைக்கு ஒன்றும் நினைவிருக்காது. மஞ்சள் தண்ணீரைக் குடித்துவிட்டு, “இன்னா சொன்னா அம்மா?” என்று கேட்பார். மாமாதான் சொல்ல வேண்டும். அது முறை.

மற்ற நாட்களில் அத்தை யாருக்கும் ராணியில்லை. பல்லி விழுந்தால் தெருவுக்கே கேட்கும்படி அலறுவார். பால்காரனிடமும் ஏமாறுவார். ஒருமுறை குழாயடியில் யார் முதலில் குடம் வைப்பது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அம்மன் சிரித்தாள். “எவ மேல நான் வர்றனோ அவ கொடம்தான் கடைசி. மத்ததுங்க வந்த வரிசையில நிக்கட்டும்.” மாமா தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது அத்தையின் முகம் தொங்கிப்போனது. “நான் இன்னா பண்ணேன் இந்த அம்மாவுக்கு? எனக்கே ஆப்பு வெக்கறா” என்று புலம்பினார். ஆனால் மறுநாள் காலையில் குடத்தோடு வரிசையின் கடைசியில் நின்றார். அதன் பிறகு குழாயில் தண்ணீர் வந்த காலமெல்லாம் அங்கேதான் நின்றார். அந்த வழக்கு இன்னொரு முறை அம்மனிடம் வரவேயில்லை.

இப்படி ஆளப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் மைசூர் மைன்ஸ் பக்கத்துப் பெண்ணிடம் மனதைக் கொடுத்துத் தொலைத்தேன். பௌத்தக் குடும்பம். தினமும் ஒரே ரயிலில் வேலைக்குப் போய் வந்தோம். வேற்று மதம் என்பதே பெரிய சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், அத்தைக்கு ஒரு மகள் இருந்தாள். நான் அவளுக்கு முறைமாப்பிள்ளை. அவள் தொட்டிலில் கிடந்த நாளிலேயே இரண்டு வீட்டிலும் முடிவு செய்துவிட்ட விஷயம். நான் வாயைத் திறந்ததும் அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. “வெள்ளிக்கெழம அம்மாகிட்ட கேட்டுடலாம்” என்றார். அதற்குப் பதில் அடித்தே இருக்கலாம். என் வழக்கில் எதிர்க்கட்சி அத்தை, நீதிபதி ஏறி உட்காரும் உடம்பும் அத்தை, கேள்வி கேட்பவரோ எனக்கு மாமனாராக வேண்டியவர்.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அத்தை வீட்டுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். “இன்னாடா திடீர்னு பாசம் பொத்துகினு வருது?” என்று அத்தை சந்தேகமாகப் பார்த்தார். சர்ச்சில் போய் மெழுகுவத்தி ஏற்றினேன். தர்காவில் ஊதுவத்தி வைத்தேன். அம்மனுக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வாளே என்று ஓடிவந்து அவளுக்கும் ஒரு தேங்காய் உடைத்தேன். பங்காருபேட்டை ஜங்ஷனுக்குப் போய் ஏதாவது ஒரு ரயிலில் ஏறிவிடலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்தேன். ஏறினால் எங்கே இறங்குவது என்று தெரியாததால் பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி மடித்து வைத்தேன். அந்தப் பக்கம் நிலவரம் வேறு. விகாரையில் பேசினார்கள், தள்ளிப்போட்டார்கள், மறுபடி பேசினார்கள். ஜனநாயகம் மாட்டு வண்டியில் வருகிறதே என்று நான் நொந்துகொண்டேன். ஆனால் அவர்கள் முதல் கூட்டத்திலேயே ஒரு காரியம் செய்திருந்தார்கள். பெண்ணைக் கூப்பிட்டு, “நீ இன்னாம்மா சொல்ற?” என்று கேட்டிருந்தார்கள். எங்கள் லைனில் அத்தை மகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் அது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. உடுக்கை அடித்தது. அத்தை பெட்டியில் உட்கார்ந்து ஆடினார். தலைமுடி அவிழ்ந்து முகத்தை மூடியிருந்தது. ‘அபாயம்’ என்ற எழுத்துக்கு நேர் எதிரே நான் கை கட்டி நின்றேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். “தாயே, இவன் வேற எடத்துல பொண்ணு பாத்துகினான். நம்ம வூட்டுப் பொண்ணு காத்துனு கீது. நீதான் ஒரு வழி சொல்லணும்.” கேள்வியிலேயே பதிலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். என் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வேப்பிலை என் தலையில் விழுந்தது. “இவன் ஒடம்பு இங்க நிக்குது. மனசு இங்க இல்ல. மனசு இல்லாதவன இழுத்தாந்து என் புள்ளைக்குக் கட்டாதீங்க. போவ வுடுங்க.”

அம்மன் மலையேறிவிட்டாள். அத்தை முடியை ஒதுக்கி, மஞ்சள் தண்ணீரைக் குடித்து, புடவையைச் சரிசெய்துகொண்டார். மகளுக்கு நல்ல செய்தி வந்திருக்கும் என்ற நம்பிக்கை முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. “இன்னா சொன்னா அம்மா?” என்றார். மாமா உடுக்கையைத் துடைக்க ஆரம்பித்தார். அப்பா கற்பூரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா எல்லாம் வாய மூடிகினு கீறீங்க? சொல்லுங்க” என்றார் அத்தை. வழக்கமாகச் சொல்பவர் சொல்லாததால் எல்லார் கண்ணும் என் மேல் திரும்பியது. தீர்ப்புக்காகக் கண்ணை மூடி நின்றபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை. “என்னப் போவ வுடச் சொன்னாங்க, அத்த” என்றேன்.

அத்தை என்னையே பார்த்தார். கண் நிறைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அம்மா சொன்னாளா?” என்று மாமாவிடம் ஒரே ஒரு முறை கேட்டார். மாமா தலையாட்டினார். “அப்ப சரி” என்று எழுந்தார். நாலடி நடந்து நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். “அம்மா சொன்னதால தப்பிச்ச. என்னக் கேட்டிருந்தா உன் கால ஒடிச்சி அடுப்புல வெச்சிருப்பன்.”

நான் கோயிலுக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். அத்தை மகள் அங்கே வந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வார்த்தையைக் கோத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே, “கட்டிக்கோனு மட்டும் அம்மா சொல்லியிருந்தா, நான் நேரா பக்கத்து லைன் கங்கம்மா கோயிலுக்குப் போய் அப்பீல் பண்ணியிருப்பன்” என்றாள். “எனக்கு நர்ஸ் படிக்கணும். ஒன்ன யாரு கேட்டா?” ஒரு வாரமாக நான் நடுங்கியதெல்லாம் என்னை வேண்டாம் என்று நினைத்தவளிடமிருந்து தப்பிக்க என்று அப்போதுதான் தெரிந்தது. இன்று அவள் கோலாரில் நர்ஸ். எனக்கு ஊசி போட நேர்ந்தால் கொஞ்சம் அழுத்தியே போடுகிறாள். விகாரையில் கை தூக்கி முடிவெடுக்க இன்னும் சில மாதங்கள் ஆயின. முடிவில் எல்லாக் கையும் எங்களுக்காகவே உயர்ந்தது.

ஆள்பவரே தன் உத்தரவைக் கடைசியாகக் கேட்டு, முதல் ஆளாக அதற்குக் கீழ்ப்படிகிற ஆட்சியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அதனால் அந்த ஆட்சியைப் புகழ்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். சுரங்கம் மூடிய பிறகு அத்தை மேல் அம்மன் இறங்குவது நின்றுபோனது. வேறொருவர் மேல் இறங்கத் தொடங்கினாள். அவருடைய அம்மன் குழாயை அவர் வீட்டு வாசலுக்கு மாற்றச் சொன்னாள். அவருடைய பைக்கை வெயில் படாமல் கோயில் நிழலில் நிறுத்தச் சொன்னாள். அம்மனிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது என்று லைனே கொஞ்ச காலம் தவித்தது. பிறகு என் மனைவிதான், அவள் வளர்ந்த இடத்துப் பழக்கப்படி, எல்லாரையும் உட்காரவைத்துக் கை தூக்கச் சொன்னாள். குழாய் பழைய இடத்துக்கு வந்தது. நானும் கை தூக்கினேன். போன வருடம் தப்பாகத் தூக்கிய கையை இந்த வருடம் இறக்கிக்கொள்ளலாம், அந்த ஒரு நிம்மதிக்காகவே எனக்கு ஓட்டு போதும். சாமி ஆட்சி நன்றாக நடக்க ஒவ்வொரு லைனுக்கும் ஓர் அத்தை வேண்டும். அத்தனை அத்தைகளுக்கு எங்கே போவது?

அந்தச் சமயத்தில்தான் பெட்டியை யாரோ விறகுக்குப் போட்டார்கள், நான் தூக்கி வந்துவிட்டேன். போன மாதம் அத்தை வீட்டுக்கு வந்தார். முட்டி வலி, கையில் தடி. மனைவி சோபாவைக் காட்டினாள். அத்தை அதைக் கண்டுகொள்ளாமல் என் ஷூவைத் தடியால் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பெட்டியில் உட்கார்ந்தார். ஒரு நொடி கண்ணை மூடினார். தன்னால் என் கை இரண்டும் கட்டிக்கொண்டன. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அத்தை கண்ணைத் திறந்தார். “இன்னாத்துக்குடா கை கட்டினு நிக்கற? முட்டி நோவுதுன்னு உக்காந்தன். போ, சக்கர கம்மியா ஒரு காபி போட்டுகினு வா.”

அப்பீல் செய்யாமல் சமையலறைக்குப் போனேன்.