சுண்ணர் குலத்தைப் பெற்ற மங்களம்

ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருக்கும் குகைப் பூங்காவில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு மங்களம் சேர்ந்தபோது அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. அதற்கு முன் சுங்கை சிப்புட் பக்கத்துத் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தாள். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதும் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே புது இயந்திரங்கள் வந்திறங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு என்றால் கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய பழைய தோட்டத்து லயம்தான். தோட்டம் போன பிறகும் இருபத்திரண்டு குடும்பங்கள் அங்கேயே இருந்தன; போக வேறு இடம் இல்லை.

ஒரு சனிக்கிழமை, பினாங்கிலிருந்து வந்த ஒரு டீச்சர் குகைத் தரையில் வரிசையாக இருந்த குழிகளைக் காட்டி, "இது என்னக்கா?" என்று கேட்டார். காலையிலிருந்து நின்றே இருந்ததில் மங்களத்துக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. மேலேயிருந்து சொட்டும் நீர் தோண்டிய குழிகள் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

"சுண்ணரு தல வச்சுப் படுத்த எடம்."

"சுண்ணரா? யாரு அவங்க?"

"இந்த மலையில இருந்தவங்க லா. வெள்ளையா இருப்பாங்க. ரெண்டு மலைக்கு நடுவுல வெயிலு ரெண்டு மணி நேரந்தான் எட்டிப் பாக்குது. பொறவு எப்படிக் கறுப்பாங்க?"

டீச்சர் குறிப்பெடுத்துக்கொண்டார். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளி தௌஃபிக்கைக் கண்டதும், வேலை போயிற்று என்று மங்களம் முடிவு கட்டிவிட்டாள். ஈப்போவில் மூன்று சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தௌஃபிக், அந்தக் குகையைக் குத்தகைக்கு எடுத்து ஓராண்டுகூட ஆகவில்லை. சுற்றுப்பயணிகளைக் கவர ஒரு கற்பனை இனம் வேண்டுமென்று கோலாலம்பூரிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்திருந்தார். அவரோ பனிமலையில் வாழும் கூர்க்காது மனிதர்களைப் பரிந்துரைத்துவிட்டுப் போனார்.

"ஈப்போ வெயில்ல பனிக்கு நான் எங்கக்கா போறது? நீங்க மேல சொல்லுங்க," என்றார் தௌஃபிக்.

மங்களம் சொன்னாள். சுண்ணர் சண்டை போடுவது, பெண் கேட்பது எல்லாம் வெயில் விழும் இரண்டு மணி நேரத்தில்தான். மீதிக் கோபம் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதிப் பேருக்கு மறந்துவிடும். குகைக்குள் எதைச் சொன்னாலும் மூன்று முறை திரும்பி வரும் என்பதால் பொய் சொல்கிறவன் தன் பொய்யைத் தானே நான்கு தடவை கேட்டாக வேண்டும்; ஆகவே அங்கே சத்தியம் செய்யும் வழக்கமே இல்லை. வாசல் தாழ்வு. எல்லோரும் குனிந்தே நுழைவதால் தனியாக யார் காலிலும் விழ வேண்டியதில்லை. கூரையிலிருந்து விழும் ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் பேச வந்ததைப் பேசி முடித்துவிட வேண்டும். அதனால் அவர்களிடம் சொற்பொழிவு கிடையாது, தலைவர்களும் கிடையாது.

கூட்டம் பெருகியது. கற்பனை வற்றிய நாட்களில் மங்களம் தன் அம்மா வீரம்மாளின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். விடியுமுன் ஒருவன் கம்போடு வந்து சுண்ணரின் தலைகளை எண்ணுவான். வராதவருக்கு அன்றைய கூலி இல்லை. மலை யாரோ ஒரு துரையுடையது. சுண்ணருக்குச் சொந்தமானது கையிலிருந்த வாளி மட்டும். கேட்டுக்கொண்டிருந்த ஒரு கோலாலம்பூர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு கொடூரமா எப்படித்தான் கற்பனை பண்றீங்களோ," என்றார். மங்களம் நன்றி சொன்னாள். முப்பது வருஷம் விடியுமுன் ஆள் எண்ணும் அந்தப் பெரட்டில் நின்ற வீரம்மாளுக்காக யாரும் அழுததில்லை. வீரம்மாளே அழுததில்லை.

குகை வாசலில் வைத்த பலகையின் கடைசி வரியில் "இவை யாவும் கற்பனை" என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். சொட்டு நீர் எட்டே மாதத்தில் அந்த வரிக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டது.

அப்போதுதான் தர்மேந்திரன் வந்தார். நான்கு சங்கங்களுக்குத் தலைவராக இருந்து, மூன்றில் தேர்தலை இழந்து, நான்காவதில் உறுப்பினர்களையே இழந்தவர். பலகையை இரண்டு முறை படித்தார்.

"எங்க பெரியத்த அவ்ளோ செவப்பு. ஏன்னு யாருக்கும் தெரியல. இப்பல்ல தெரியுது," என்றார்.

சுண்ணர் வம்சாவளிச் சங்கம் பிறந்தது. ஆறு மாதத்தில் இருநூறு குடும்பங்கள் தாங்கள் சுண்ணர் என்று கண்டுகொண்டன. முதல் விழாவுக்குப் பீடோரிலிருந்து மட்டும் இரண்டு பஸ் வந்தது. மேடைக்கு மேலே நீர் சொட்டாதபடி தர்மேந்திரன் பிளாஸ்டிக் படுதா கட்டச் செய்து, சுருக்கமாகப் பேசும் சுண்ணர் பண்பாட்டைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பிறகு எழுந்த தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒய்பி, சுண்ணர் வழித்தோன்றல்களுக்கு முப்பது வீட்டுமனை ஒதுக்குவதாக அறிவித்தார். பன்னீர்ச் செம்போடு ஓரமாக நின்ற மங்களத்தின் கை அப்படியே நின்றது. மனை கேட்டு அவளுடைய லயத்துக்காரர்கள் அதே ஒய்பி அலுவலகத்துக்குப் பத்தொன்பது வருஷமாக, வருஷத்துக்கு ஒன்றாக, மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

விழா முடிந்ததும் தர்மேந்திரனிடம் போனாள்.

"அண்ணே, அது நான் கால் வலியில சும்மா சொன்னது. அப்படி ஒரு ஆளுங்களே கெடையாது."

தர்மேந்திரன் கோபப்படவில்லை. "உங்களுக்கே தெரியாம உங்க வாய் வழியா வந்திருக்கு. வரலாறு அப்படித்தான் வரும்," என்றார்.

சங்கச் செயலாளர் ஷர்மினிக்குத்தான் தாங்கவில்லை. "எங்க மூதாதையர இல்லன்னு சொல்ல நீங்க யாரு?"

மறுநாள் தௌஃபிக் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்கக்கா. யாவாரம் நல்லா ஓடுது லா." தான் பெற்ற குலத்தை இழிவுபடுத்தியதற்காக மங்களம் மன்னிப்பு எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

லாரி ஓட்டும் அவள் புருஷன் சன்னாசிக்கு இதில் குழப்பமே இல்லை. "வீடு குடுக்குறான்னா நாமளும் சுண்ணருன்னு எழுதிக் குடுப்போம். உன்னவிட எவ ஒசந்த சுண்ணரு?"

சுங்கை சிப்புட்டில் டயர் கடைக்கு மேல்மாடியில், மனை கேட்டு எழுதியவர்களுக்குச் சங்கம் வைத்த நேர்காணல். சங்கம் அச்சிட்ட சுண்ணர் வரலாற்றின் திருத்திய பதிப்பு ஷர்மினியின் கையில் இருந்தது.

"சுண்ணர் வாசல்ல ஏன் குனிஞ்சு நுழைவாங்க?"

"கூரை தாழ்வு. நிமிந்தா மண்ட ஒடையும்."

"தப்பு. முன்னோர வணங்கித்தான் குனிவாங்க. விடியக்காலையில தல எண்ணுனது யாரு?"

"கங்காணி."

"தப்பு. குலத்தலைவர். பாசத்தால எண்ணுவாரு."

மங்களம் அவள் முகத்தையே பார்த்தாள். "என்னா பாசம்மா? ஒரு நிமிசம் பிந்தினா எங்கம்மாவ வெரட்டி விட்டுருவான்."

"உங்கம்மாவப் பத்தி இங்க யாரும் கேக்கல," என்றாள் ஷர்மினி. நிறமும் பொருந்தவில்லை என்று விண்ணப்பப் பாரத்தில் குறித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மங்களம் குகைக்குள் போகவில்லை. தௌஃபிக்கிடம் கேட்டுப் பூங்காக் கேண்டீனுக்கு மாறி, தட்டுக் கழுவினாள். குகையில் இப்போது மாவு பூசிய ஒரு சங்க உறுப்பினர் நின்று விளக்கம் சொல்கிறார்.

இருபதாவது மனுவை மங்களமே எழுதினாள். இருபத்திரண்டு குடும்பங்களின் பெயர், யார் எந்த வருஷம் வந்தார், எந்த வரிசையில் எத்தனை மரம் வெட்டினார் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதினாள். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. வழக்கத்துக்கு மாறாக மூன்றே வாரத்தில் பதில் வந்தது. சன்னாசி வாசற்படியில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினான்: அப்படிப்பட்ட மக்கள் அவ்விடத்தில் வாழ்ந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை.

மங்களம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"தாளு இருக்கா பாரு. இன்னொண்ணு எழுதலாம்."