உள்ளறைப் பந்தி

என் பெண்ணின் கல்யாண வரவேற்புக்கு யாரை எங்கே உட்கார வைப்பது என்று நான் படம் போட்டுப் பார்க்க ஆரம்பித்ததே பயத்தில்தான். மாப்பிள்ளை கிறிஸ்தவப் பையன். அவனுடைய அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஸ்ரீரங்கத்து வைணவக் குடும்பம். பதிவுத் திருமணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இரண்டு வீட்டாரும் ஒரே மண்டபத்தில் சாப்பிட்டு எழ வேண்டியது மட்டும்தான் பாக்கி.

சைவச் சாப்பாட்டுக்கு அவர்கள் மறுபேச்சில்லாமல் சம்மதித்துவிட்டார்கள். என் பயமெல்லாம் என் அண்ணாவைப் பற்றித்தான். ஆசாரக்காரர், லேசில் வெளியிடங்களில் கை நனைக்கமாட்டார். முன்பு உறவில் ஒரு கல்யாணத்தில், பக்கத்து இலைக்காரர் வேற்று ஜாதிக்காரர் என்று தெரிந்ததும், பருப்பு விழுந்த இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனவர். பாதிச் சாப்பாட்டில் எழுவது எங்களிடம் சாபம் கொடுத்த மாதிரி. அந்தக் கல்யாணப் பெண்ணைப் புகுந்த வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். என் பெண்ணுக்கு அந்தக் கதி வந்துவிடக் கூடாது.

அண்ணாவைக் கூப்பிட்டபோது, போனில் "வரேன்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மண்டபத்தை வரைந்தேன். அண்ணாவை மேடைக்கு அருகில் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் அழைத்திருந்த பாதிரியாருக்கு எதிரே வருவார். வாசல் பக்கம் போட்டால் ஒதுக்கிவிட்டாள் என்பார். அழித்து அழித்து அவர் இருந்த இடத்தில் தாள் கிழிந்தே போயிற்று. என் கணவர் எட்டிப் பார்த்து, "நீ ரயில்வேல பெர்த் ஒதுக்கற வேலைக்குப் போயிருக்கலாம்" என்றார்.

"இந்த ஆத்துல பயப்படறதுக்கு ஒருத்தராவது வேண்டாமா?" என்று எரிந்து விழுந்தேன்.

கடைசியில் மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறைதான் கண்ணில் பட்டது. அங்கே அண்ணாவுக்கும் அவரைப் போன்ற இரண்டொரு பெரியவர்களுக்கும் தனிப் பந்தி. ஸ்ரீரங்கத்திலிருந்து மடியாக, ஆசாரம் தப்பாமல் சமைக்கிற மாமி ஒருவரை ஏற்பாடு செய்தேன். பெரிய தலைவாழை இலை, வெள்ளி டம்ளர், எல்லாம் என் கையாலேயே எடுத்து வைத்தேன். ஊருக்கெல்லாம் சொல்லாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று நினைப்பு.

அன்று சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்றார்கள். வாசலில் அண்ணாவின் தலை தெரிந்ததும், உள்ளறையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஓடினேன். அங்கே அண்ணாவுக்குப் போட்ட இலையில் சம்பந்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! மாமிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தவரை நம் மனிதர் என்று உட்கார வைத்துப் பரிமாறியிருக்கிறார்.

சம்பந்தி என்னைப் பார்த்து முகம் மலர்ந்து, "எங்களுக்காகவா தனியா இவ்வளவு பண்ணிருக்கீங்க? வெள்ளி டம்ளர் வேற! ரொம்ப மரியாதைங்க" என்றார்.

சம்பந்திக்குத்தான் முதல் மரியாதை என்பது ஊர் வழக்கம். அவர் நினைத்ததில் என்ன தப்பு? எழுந்திருங்கள் என்று நான் சொன்னால், இலையை விட்டு ஒருவரை எழுப்பிய பாவம் எனக்கே வந்து சேரும். சொல்லாவிட்டால் அண்ணா வந்துவிடுவார்.

வந்தேவிட்டார். சம்பந்தியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், பக்கத்தில் காலியாக இருந்த இலையையும் பார்த்தார். சம்பந்தி மரியாதைக்கு எழுந்திருக்கப் போனார்.

"எழுந்துக்காதேள், சாப்பிடுங்கோ" என்றார் அண்ணா. பிறகு என்னைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "எனக்காடி இந்த ரூம்?"

நான் தலையாட்டினேன்.

"நான் ஆத்துலயே சாப்ட்டுட்டுதான் வந்தேன். அன்னிக்கு மாதிரி எங்கயாவது எழுந்துடுவேனோன்னு எனக்கே பயமா இருந்தது. இலை முன்னாடி ஒக்காந்தாத்தானே எழுந்துக்கறதுக்கு?"

அவர் பேசியது சம்பந்தியின் காதில் விழவில்லை. "ஐயா, நீங்களும் உக்காருங்க. பாயசமாவது சாப்பிடுங்க" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அண்ணா உடனே உட்காரவில்லை. மேடைப் பக்கம் என் பெண் யாரிடமோ சிரிக்கிற சத்தம் கேட்டது. இவர் இப்போது திரும்பி நடந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அண்ணா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

மாமி வெள்ளி டம்ளரில் பாயசம் கொண்டுவந்தார். அண்ணா அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன். டம்ளரை மேஜையில் வைத்தபோது அது அவர் பிடியிலேயே கடகடவென்று ஆடியது.